ஜோடி சேராத ஏழு

இந்த வருஷ போனஸ் பெண்டாட்டி கைக்குப் போகவே கூடாது என்று ஆம்பூர் அதாவுல்லா சபதம் போட்டார். போன வருஷ போனஸ் பீரோவானது. அதற்கு முந்தினது மச்சினிச்சி கல்யாணத்தில் பிரியாணியானது. இந்த முப்பதாயிரம் ரூபாயாவது புல்லட்டாக வேண்டும். வாணியம்பாடி தோஸ்த் சமீருல்லாவின் பழைய புல்லட்!

"உங்க இடுப்புக்குத் தைலம் தேய்க்க என்னால ஆவாது. புல்லட் பேச்சே எடுக்காதீங்க" என்று ஜஹீருன்னிசா எப்போதோ தீர்ப்புச் சொல்லியிருந்தாள். சொல்லட்டுமே! வண்டி வாசலில் வந்து நின்றுவிட்டால் என்ன செய்வாள்? சோறு போட மாட்டாள். ஆம்பூரில் பிரியாணிக்கா பஞ்சம்?

அதாவுல்லா ஷூ கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். இடது வலது, இடது வலது என்று ஜோடி ஜோடியாகவே பார்த்துப் பழகிய கண். ஒற்றை ஷூ வந்தால் தூக்கி ஒதுக்கிவிடுவார். சமீருல்லா எழுதிக் கொடுத்த அக்கவுண்ட் நம்பரையும் அப்படியே இரண்டிரண்டாகப் போனில் தட்டினார். ஐந்து ஜோடி முடிந்தது. கடைசியில் ஒரு ஏழு தனியாக நின்றது. பழக்க தோஷம், ஒதுக்கிவிட்டார். நம்பரை இன்னொரு தரம் கேட்டது போன். இன்னொரு தரமும் அதே ஐந்து ஜோடி. இரண்டும் ஒத்துப்போக, பணம் கிளம்பிவிட்டது. அந்த ரசீதைச் சமீருல்லாவுக்கு வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டு, போனை லாக்கரில் போட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

சாப்பாட்டு நேரத்தில் சீட்டை ஆசையாக எடுத்துப் பார்த்தார். ஏழு அவரைப் பார்த்தது. ஓடிப்போய் லாக்கரிலிருந்து போனை எடுத்தார். சமீருல்லாவைக் கூப்பிட்டால், வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறாராம்.

"இன்னாங்க, முகம் ஊறப்போட்ட தோல் மாதிரி இருக்குது?" என்றாள் ஜஹீருன்னிசா, சாயங்காலம் வீட்டு வாசலிலேயே.

"போனஸ் பணம் தப்பான நம்பருக்குப் போய்ட்டுது ஜஹீரு."

"யா அல்லா! யாருக்கு அனுப்புனீங்க?"

திருதிருவென்று விழித்தவரின் கண்ணில் மூலையிலிருந்த அழுக்குத்துணி மூட்டை பட்டது.

"உனக்குத்தான். வாஷிங் மெஷின். கடைக்காரருக்கு அனுப்புனேன்."

"எனக்கா? சொல்லாமலா?"

"சொன்னா வேணாம்பே."

"நான் என்னிக்குங்க வேணாம்னு சொன்னேன்?"

போனை வாங்கி அவளே பேங்குக்குப் பேசினாள். அப்படி ஒரு அக்கவுண்ட்டே கிடையாது, பணம் திரும்பிவிடும் என்றார்கள்.

"தப்பிச்சீங்க. அந்த நம்பர்ல எவனாவது இருந்திருந்தா, அவன் கால்ல விழுந்து கெடக்கணும்."

மறுநாள் பணம் வந்தது. போன உயிரும் வந்தது. மனசுக்குள் புல்லட்டும் டுபுடுபுவென்று ஸ்டார்ட் ஆனது. ஜஹீருன்னிசா புர்கா போட்டுக்கொண்டு தயாராக நின்றாள்.

"கடைக்குக் கிளம்புங்க."

"அவங்ககிட்ட ஸ்டாக் இல்லியாம்."

"இருக்குதாம். நான் கேட்டுட்டேன்."

கடையில் அவள் பக்கத்திலேயே நின்றாள். "ஒவ்வொரு நம்பரா போடுங்க. பேரைப் படிங்க. மொதல்ல ஒரு ரூபா மட்டும் அனுப்புங்க. வந்துச்சுன்னு அவரு சொல்லட்டும், அப்புறம் மீதி."

ஒரு ரூபாய் போனது. கடைக்காரர் தலையாட்டினார். மீதியும் போனது. பாவம் அதாவுல்லா, மனசுக்குள் ஓடிய புல்லட்டை நிறுத்தினார்.

மெஷினை ஆட்டோவில் ஏற்றும்போது ஜஹீருன்னிசா மெல்லச் சொன்னாள்:

"சமீருல்லா பாயை வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிட்டேங்க. நீங்க அனுப்புன ரசீதுல கடைசி ஏழு காணோமேன்னு, நேத்து மத்தியானம் நீங்க போன் எடுக்காததால எனக்குத்தான் பண்ணாரு."