ஆட்டுக்குப் பயந்த தரகர்

பாளையம்பட்டிப் பருத்தித் தரகரைப் போன்ற ஒரு நோயாளி உலக வைத்திய வரலாற்றிலேயே கிடையாது. அவர் பெயரை ஊரே மறந்துவிட்டது. தரகர் என்றால் அவர்தான்.

மனநல சமூகப்பணியாளர் என்ற பட்டத்தோடு அருப்புக்கோட்டையில் ஒரு சின்ன கிளினிக்கில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். பட்டம் புதிது, புடவை புதிது, தலைக்கனமும் புதிது. முதல் வாரம் வந்த தரகர், காதுக்குள் லாரி ஹாரன் கேட்கிறது என்றார். அடுத்த வாரம், பஞ்சு விலை தவிர எல்லாம் மறந்துபோகிறது என்றார். மூன்றாவது வாரம் ஆட்டைக் கண்டால் பயம் என்றார். நான் விடுவேனா? ஆட்டில் ஆரம்பித்து அவர் பால்யம் வரைக்கும் தோண்டத் தயாரானேன்.

ஒவ்வொரு முறையும் துணைக்குப் பக்கத்து வீட்டு விசைத்தறிக்காரரைக் கூட்டிவருவார். சீனு என்று வைத்துக்கொள்வோம். தலையைத் தொங்கப்போட்டபடி வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பார். நோயாளியிடம் தனியாகத்தான் பேச வேண்டும் என்று படித்தவள் நான். சீனுவை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிடுவேன்.

அன்றைக்கும் சாத்தினேன். தரகருக்குப் பொறுமை போய்விட்டது.

"தாயி, எனக்கு ஒரு எழவும் இல்ல. பொண்டாட்டி செத்ததுல இருந்து சீனுதான் சோறு தண்ணி இல்லாம, பேச்சும் இல்லாம கெடக்கான். பைத்தியக்கார டாக்டர்கிட்ட வரமாட்டேன்னுட்டான். எனக்குத்தான் கிறுக்கு, துணைக்கு வாப்பான்னு இழுத்துட்டு வாரேன். நீங்க என்னையவே நோண்டிக்கிட்டு இருந்தா அவன் செத்துருவான்."

ஆட்டை அப்படியே விட்டுவிட்டு, தரகரை வெளியே அனுப்பி சீனுவைக் கூப்பிட்டேன்.

உள்ளே வந்து உட்கார்ந்தவர் மெல்லக் கேட்டார்.

"அண்ணாச்சிக்குச் சரியாயிருமா மேடம்? பாவம், நல்ல மனுசன்."

வாரக்கணக்கில் அவர் பேசிய முதல் பேச்சு அது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் துக்கத்துக்குள் போக முடிந்தது. சில மாதங்களில் மறுபடி தறி ஓட்டப் போனார்.

அதற்குள் ஊர் முழுக்க 'கிறுக்குத் தரகர்' என்ற பெயர் பரவியிருந்தது. மனம் கேட்காமல், அவருக்கு ஒன்றுமில்லை என்று நானே நாலு பேரிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். பதறிப்போனார்.

"சொல்லிராதீக தாயி. காரியாபட்டியில இன்னொருத்தன் இப்படித்தான் கெடக்கான். அவனைத் துணைக்குக் கூட்டியாரணும்."

இப்போது மதுரையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். உங்கள் நோயாளி யார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள் என்று மாணவர்களிடம் கம்பீரமாகச் சொல்கிறேன். அவர்களும் என்னைப் பெரிய மேதை என்று நம்பி எழுதிக்கொள்கிறார்கள். ஆனால் இந்த வாரம் தரகர் என்ன வியாதியோடு வருவாரோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நாட்களைப் போல, என் உத்தியோகத்தில் நான் வேறெப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை.