அண்ணாந்தாரின் அமைதித் திட்டம்

இந்தத் தடவை மனைவியை ஊருக்கு அனுப்பிவிடுவது என்று அண்ணாந்தார் முடிவு கட்டினார்.

அண்ணாந்தார் என்பது தெரு வைத்த பெயர். தொழில், மூக்குக்கண்ணாடிக் கடை. பகலெல்லாம் ஊரார் கண்ணைப் பார்ப்பார். இருட்டினால் மாடியேறி வானத்தைப் பார்ப்பார். சூரியனுக்கு வெகு தொலைவில், பெயர்கூட இல்லாமல் வெறும் எண்ணோடு சுற்றும் பனி உருண்டைகள்தாம் அவருக்கு உயிர். அவை கண்ணுக்குத் தெரியாது. எப்போதாவது ஒன்று ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகும். நட்சத்திரம் சில நொடி அணைந்து மறுபடி எரியும். அந்த நொடிகளை வைத்து உருண்டையின் அகலத்தையே கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் உருண்டையின் நிழல் விழும் இடத்தில் நிற்பவருக்குத்தான் அது தெரியும்.

போன தடவை நிழல் அவர் மாடிமேலேயே விழுந்தது. பக்கத்தில் நேரம் சொல்லும் ரேடியோ, ஒலிப்பதிவுக் கருவி. மறைந்ததும் "போச்சு", திரும்பியதும் "வந்துடுச்சு" என்று சொன்னால் நேரத்தோடு சேர்ந்து பதிவாகிவிடும். நட்சத்திரம் மறைந்தது. "போச்சு" என்று சொல்ல வாயைத் திறந்தார். மாடிப்படியிலிருந்து ஒரு குரல் முந்திக்கொண்டது: "ஏங்க, துணி காஞ்சிடுச்சான்னு பாருங்க!"

ஊர் ஊராக இருந்து இப்படி நிழல் பார்த்துக் கணக்குச் சேர்க்கும் குழுவில் எல்லோரும் அந்தப் பதிவைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். வெளியான முடிவில் அவர் பெயர் இல்லை. இந்தத் தடவையும் நிழல் அவர் மாடிமேல்தான் என்று கணக்கு; பெயர் வந்தே தீர வேண்டும்.

"உங்க அம்மா உன்னைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு! பாவம், ஏங்கிப் போயிருப்பாங்க. ஒரு நடை போயிட்டு வாயேன்."

மனைவி மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"யாரு, எங்கம்மாவா?"

"வேற யாரு?"

"அவங்க போன் பண்ணா குளியலறைக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்குவீங்களே, அந்த அம்மாவா?"

"மனுஷன் திருந்தக் கூடாதா?"

"திருந்தலாம். திடீர்னு திருந்தினா காய்ச்சலான்னு தொட்டுப் பார்க்கணும்."

அவள் அசையவில்லை. அவருக்கோ இருப்புக் கொள்ளவில்லை. கூடத்துக்கும் மாடிக்கும் நடந்து நடந்தே செருப்பைத் தேய்த்தார். கடையில் கிட்டப்பார்வைக்காரருக்குத் தூரப்பார்வைக் கண்ணாடியை மாட்டி அனுப்பினார்.

அந்த நாளும் விடிந்தது. பார்த்தால், அவளே பெட்டியோடு வந்து நிற்கிறாள்.

"கிளம்புறேங்க. உங்க நட்சத்திர விஷயமா ஒண்ணு சொல்லணும்."

"வந்து சொல்லு. பஸ் போயிடும்."

"முக்கியமான..."

"வந்து, வந்து!"

"சரி. அந்தச் சின்னத் தொலைநோக்கியை எடுத்துக்கவா? அம்மாவுக்கு நிலா காட்டணும்."

"தாராளமா!"

"பழைய ரேடியோ?"

"அதையும் எடுத்துக்கோ!"

அன்றைக்கு வானத்தில் நிலாவே கிடையாது என்பது அந்த வானியல் மேதைக்கு உறைக்கவில்லை.

பஸ் திருப்பத்தில் மறைந்ததும், வந்து கிடந்த செய்திகளைக்கூடப் பார்க்காமல் கைப்பேசியை அணைத்தார். போய்ச் சேர்ந்தேன் என்று அழைப்பாளே! வாசல் மணியின் வயரையும் பிடுங்கினார். இருட்டியதும் தொலைநோக்கியில் கண்ணைப் பதித்தார். கொட்டாவிக்குக்கூட வாயைத் திறக்கவில்லை. கால் மரத்தது. கழுத்து பிடித்துக்கொண்டது. குறித்த நேரம் வந்தது, போனது. நட்சத்திரம் அவரையே முறைத்துப் பார்த்தபடி எரிந்துகொண்டிருந்தது.

கைப்பேசியைத் திறந்ததுதான் தாமதம், குழுத்தலைவர் பிடித்துக்கொண்டார்.

"எங்க சார் போயிட்டீங்க? நிழல் தெற்கே நகர்ந்துடுச்சுன்னு காலையிலேயே எல்லாருக்கும் செய்தி போட்டோமே!"

"நான்... அமைதியா இருந்தேன்."

"வீட்ல சொல்லலையா? போன தடவை குரலைக் கேட்டதுமே அவங்களையும் குழுவுல சேர்த்துட்டோம். 'துணியை முன்னாடியே எடுத்துடுங்கம்மா'ன்னு சொல்ல ஆள் வேணுமில்ல? அவங்கதான், 'நிழல் எங்கம்மா வீட்டு மாடியில விழுது, நான் பார்க்குறேன்'னாங்க. பிசிறே இல்லாத பதிவு சார்!"

"அப்ப என்னோடது?"

"நிழல் எங்க விழலைன்னு சொல்லவும் ஒரு ஆள் வேணும் சார்."

மறுநாள் மனைவி வந்து பெட்டியை இறக்கினாள். அவர் பாய்ந்தார்.

"ஏன் சொல்லலை?"

"சொல்ல வந்தேன். பஸ் போயிடும்னீங்க. பஸ்ல இருந்து கூப்பிட்டேன், போன் செத்துக் கிடந்துச்சு."

அவர் குரல் இறங்கிவிட்டது. "எப்படி இருந்துச்சு?"

"'போச்சு'ன்னேன். 'வந்துடுச்சு'ன்னேன். நடுவுல எங்கம்மா மூச்சே விடலை."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவளுக்கே பாவமாகிவிட்டதோ என்னவோ, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அடுத்த மாசம் இன்னொரு உருண்டை வருதாம். நிழல் நம்ம மாடிமேலதான்."

அண்ணாந்தார் முகம் மலர்ந்து நிமிர்ந்தார்.

"உங்க அம்மா உங்களைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு!" என்றாள் அவள். "பாவம், ஏங்கிப் போயிருப்பாங்க. ஒரு நடை போயிட்டு வாங்களேன்."