இரும்பு வயிற்றுக்குள் குடியேறிய கிருமி

மலேசியாவின் குளுவாங் வட்டாரத்தில் காரமான மிளகாய்ச் சம்பலையே பயமுறுத்திய ஒரே மனிதர், எங்கள் மரச்சாமான் தொழிற்சாலையின் 'இரும்பு வயிறு' அண்ணன்தான். சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுவார். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துச் சம்பலை வழித்துத் தின்றுவிட்டு, சோற்றை எங்கள் பக்கம் தள்ளிவிடுவார். நெஞ்சு எரிந்தால் வயிற்று மருந்துப் பாட்டிலை பார்லித் தண்ணீர்போல அப்படியே கவிழ்த்துக்கொள்வார்.

"டாக்டரப் பாருங்கண்ணே" என்பேன்.

"அல்சரெல்லாம் ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு வரும் தங்கச்சி. எனக்கு வராது லா!"

ஒரு மதியம் கேண்டீனில் எழுந்து நின்றவர், காப்பித்தூளைக் கரைத்ததுபோல் கறுப்பாக வாந்தி எடுத்துச் சரிந்தார். பேக்கிங் பிரிவே திரண்டு அவரைக் காரில் ஏற்றியது.

மறுநாள் நானும் அவர் மனைவியும் மருத்துவமனைக் கட்டிலருகே நின்றோம். குழாய் விட்டு வயிற்றைப் பார்த்த டாக்டரம்மா தமிழ்ப் பெண்தான்.

"புண்ணுல ரத்தம் கசிஞ்சிருக்கு அங்கிள். சம்பல் காரணமில்ல. உள்ள ஒரு கிருமி இருக்கு."

"என் வயித்துலயா? அந்த ஆசிட்ல எவன் உயிரோட இருப்பான்?"

"இது இருக்கும். தன்னைச் சுத்தி அமோனியா உண்டாக்கி ஆசிட்ட மட்டுப்படுத்திக்கும். வயித்துச் சுவர் மேல சளி மாதிரி ஒரு பூச்சு இருக்கு. திருகாணி மாதிரி அதத் துளைச்சுக்கிட்டு உள்ள போயிரும். சுவர் வீங்கிப் பலவீனமாகும். அப்புறம் உங்க ஆசிட்டே உங்கள அரிக்கும்."

அண்ணன் விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தார். முகத்தில் நோயின் வருத்தத்தைவிட, கேட்காமல் ஒருவன் குடியேறிவிட்ட அவமானம்தான் தெரிந்தது.

"எப்ப வந்தான்?"

"சின்ன வயசுலயே வந்திருக்கலாம்."

"அலமாக்! நான் தின்னதெல்லாம் தாங்கியிருக்கான். ஆம்பளதான்!"

டாக்டரம்மா தந்த மாத்திரைகளை அண்ணன் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. பிறகு ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் கிருமி போய்விட்டது உறுதியானது. அதோடு எங்கள் நிம்மதியும் போனது. கேண்டீனில் யாராவது ஏப்பம் விட்டால் போதும், அண்ணனின் விசாரணை ஆரம்பமாகிவிடும். மேனேஜரையே கிளினிக்குக்கு அனுப்பிவைத்தார். அவருக்கு ஒன்றுமில்லை, டுரியான் பழம் கொஞ்சம் அதிகமாகிவிட்டதாம்.

எனக்கும் சில வாரங்களாக வயிறு எரிந்துகொண்டிருந்தது. பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. எப்படியோ மோப்பம் பிடித்த அண்ணன், ஃபோர்க்லிஃப்டை ஆபீஸ் வாசலில் குறுக்கே நிறுத்திவிட்டார்.

"நீ கிளினிக் போறேன்னு சொல்லு, வண்டி நகரும்."

போனேன். அதே கிருமி. மாத்திரை முடியும்வரை தினமும் ஜன்னலுக்கு வெளியே ஹாரன் அடித்து, "தங்கச்சி, மருந்து!" என்று ஊருக்கே அறிவித்தார்.

கிருமி போய்விட்டது என்று நான் சொன்ன அன்று, வண்டியை அணைத்து இறங்கி வந்தார். என் தலையில் கை வைத்தார். பிறகு வண்டியில் ஏறி, நீளமாக ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு நான் ஒரே பிள்ளை. ஆனால் கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று யாராவது கேட்டால், இப்போதெல்லாம் "ஒரு அண்ணன் இருக்காரு" என்றுதான் சொல்கிறேன்.