நாலு வீட்டுத் தாம்பூலம்

வாணியம்பாடியில் தோல் பதனிடும் வேலையை விட்டுவிட்டு, ஆலங்காயம் தாண்டி மலைப் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். பஸ்ஸுக்குக் காசு இருந்தது. ஆனால் பஸ்ஸில் ஏறினால் எங்கே இறங்கப்போகிறாய் என்று கண்டக்டர் கேட்பார். நடந்து போகிறவனை யாரும் அப்படிக் கேட்பதில்லை.

சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று கால் விரல்களில் தோல் உரிந்திருந்தது. அதற்காக வேலையை விடவில்லை. அந்த வயதில் எனக்கு எந்த வேலையையும் விடுவதற்குக் காரணம் தேவைப்படவில்லை. முதலாளி பாய் நல்ல மனுஷர். "போய்ட்டு எங்கனா ஒரு எடத்துல நில்லு தம்பி" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். எட்டாம் வகுப்பில் பாதியில் எழுந்து வந்தவன் நான். அதன் பிறகு எதிலும் பாதியைத் தாண்டியதில்லை.

எழுபதுகளின் கடைசி அது. ஒரு வளைவில், முன்னால் போன பஸ் ஆவி கக்கிக்கொண்டு நின்றிருந்தது. பயணிகள் எல்லோரும் டிரைவரைத் திட்டிக்கொண்டிருக்க, ஒரு அம்மாள் மட்டும் குடையை விரித்துக்கொண்டு கல்லின் மேல் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் கமலவேணி. மெட்ராசில் பல்கலைக்கழக விரிவுரையாளர்.

"இந்த மலை உங்களுக்குப் பழக்கமா?" என்று கேட்டார்.

"அத்துப்படி மேடம்" என்றேன்.

(அதற்கு முன் ஒரு பருவம் இந்த மலையில் புளி மூட்டை ஏற்றியிருக்கிறேன். உண்மையில் எனக்கு அத்துப்படியாக இருந்தது மூட்டையின் கனம் மட்டும்தான்.)

அவர் சொல்லிக்கொடுத்த பாடத்தின் பெயர் வட்டாரவியல். என் முகத்தைப் பார்த்துவிட்டு விளக்கினார். "ஒரு பகுதியை எடுத்துக்கிட்டு, அதோட மண்ணு, மழை, பயிர், சாமி, சந்தை, கல்யாணம், எல்லாத்தையும் ஒண்ணா வெச்சுப் படிக்கிறது."

"இத்தத்தான் மேடம் டீக்கடையில தெனமும் பண்றாங்க."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "ஆமா, ஆனா அவங்களுக்குப் பரீட்சை இல்லை" என்றார்.

அவருடைய கவலை வேறு. பல வருஷங்களாகச் சுவரில் வரைபடத்தை மாட்டி, குச்சியால் ஜவ்வாது மலையைத் தொட்டுத் தொட்டுப் பாடம் நடத்தியவர். இனிமேல் மாணவர்களை நேரில் கூட்டிவந்து, ஒரு ஊரில் தங்கவைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். துறைத் தலைவரோ, "ஒரு ஊராவது சம்மதித்தால் பார்க்கலாம். இல்லையென்றால் அடுத்த வருஷம் இந்தப் பாடமே வேண்டாம்" என்று சொல்லிவிட்டாராம். இரண்டு ஊர்கள் ஏற்கெனவே கையை விரித்துவிட்டன. மிச்சம் இருந்தது காவலூருக்கு அப்பால், உள்ளே தள்ளியிருந்த ஒரே ஒரு ஊர்.

"சோறு போட்டு, சம்பளமும் தர்றேன். வழிகாட்டியா வர்றீங்களா?"

போனேன். காவலூரைக் கடக்கும்போது, நட்சத்திரம் பார்ப்பதற்காகக் கட்டிய பெரிய வெள்ளைக் கூண்டு தெரிந்தது. "அங்கே மேலே பார்க்க எவ்வளவு பேர்! கீழே பார்க்க நான் ஒருத்திதான்" என்றார்.

மறுநாள் காலை ஊர்க் கவுண்டரைப் பார்த்தோம். "நான் மட்டும் சொல்ல முடியாது தாயி. வூடு வூடாப் போய்ட்டு வா. சாயங்காலம் எல்லாரும் கூடிச் சொல்றோம்" என்றார்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது.

"மேடம், வெறுங்கையோட போவக் கூடாது. தட்டுல வெத்தல, பாக்கு, வெல்லம் வெச்சு எடுத்துக்கினு போனா இந்த மலையில பெரிய மரியாதை."

இது நான் கண்ணால் பார்த்தது. புளி மூட்டை தூக்கிய காலத்தில், ஒரு வீட்டுக்கு இப்படித் தட்டோடு வந்த விருந்தாளிகளுக்குத் தேனும் சோறும் வைத்து அப்படி உபசரித்தார்கள். என்ன விஷயமாக வந்திருக்கிறார்கள் என்று கேட்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.

மேடம் என்னைப் பாராட்டினார். முகம் கழுவித் தலை வாரிக்கொண்டு வரச் சொன்னார். இருந்த ஒரே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டேன்.

முதல் வீட்டில் தட்டைக் கொடுத்தோம். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கி உள்ளே வைத்தார். மேடம் கேட்க ஆரம்பித்தார். வீட்டில் எத்தனை பேர், பெண் பிள்ளைகள் எத்தனை, வயசு என்ன, கல்யாணம் ஆகிவிட்டதா, பள்ளிக்கூடம் போனார்களா, என்ன வகையறா, நிலம் எவ்வளவு, மாடு எத்தனை. அவர்கள் மெதுவாகப் பதில் சொன்னார்கள். சொல்லும்போதெல்லாம் என்னையே பார்த்தார்கள். நான் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டேன். (பிறகு அதுவும் கணக்கில் சேர்ந்துகொண்டது.) சாமைச் சோறு வந்தது. இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

இரண்டாவது வீட்டில் இருந்தவர் தட்டைப் பார்த்ததும் கையை ஆட்டினார். "எங்க வூட்ல எல்லாம் பசங்கதான். பக்கத்து வூட்டுக்குப் போங்க." ஆண் பிள்ளைகள் மட்டும் உள்ள வீட்டில் விருந்தாளியிடம் தாம்பூலம் வாங்க மாட்டார்கள் போலிருக்கிறது, இது முக்கியமான செய்தி என்று மேடம் என்னிடம் ரகசியமாகச் சொன்னார். நானும் "ஆமா மேடம், இங்க அப்டித்தான்" என்றேன்.

சாயங்காலத்துக்குள் நாலு வீடுகளில் தட்டை வாங்கிக்கொண்டார்கள். நாலு வீடுகளிலும் நான் இரண்டிரண்டு தட்டு சாப்பிட்டேன்.

கோயிலுக்கு முன்னால் ஊர் கூடியது. மேடம் மாணவர்களைப் பற்றிப் பேச வாயைத் திறந்தார். கவுண்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது கெடக்கட்டும். இன்னா தாயி, உங்கூர்ல இப்டித்தான் பொண்ணு கேப்பாங்களா?"

"பெண்ணா?"

முதல் வீட்டுக்காரர் எழுந்தார். "வெத்தல பாக்கு வெல்லம் வெச்சு தட்டு குடுத்தீங்க. பையனையும் இட்டுக்கினு வந்தீங்க. பொண்ணுக்கு இன்னா வயசுன்னு கேட்டீங்க. சரி, யோசிக்கலாம்னுதான வாங்கி வெச்சோம்? எங்க வூட்ல கேட்டுட்டு இவன் வூட்டுக்கு எதுக்குப் போனீங்க?"

"எங்க வூட்ல கேட்டுட்டு அவங்க வூட்டுக்குப் போனாங்களே, அத்தக் கேளு" என்றார் இன்னொருவர்.

இன்னொரு வீட்டுத் தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "எம்பொண்ணுக்கு இன்னா கொற? அத்த மட்டும் சொல்லிட்டுப் போங்க. ரெண்டு தட்டு துன்னும்போது தெரியலியா அந்தக் கொற?"

முதல் தடவை பெண் வீட்டார் கல்யாணத்தைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது, தட்டை வாங்கி வைத்துவிட்டுப் பிறகு கூடிப் பேச வேண்டும் என்பது அங்கே வழக்கம். அதனால்தான் பகல் முழுக்க எவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். பரீட்சைத் தாளில் பெரிய சுழி போடுவதற்கு முன் பார்க்கிற பார்வை. பிறகு எழுந்து நின்று, வழக்கம் தெரியாமல் செய்துவிட்டோம், யாரையும் அவமானப்படுத்த நினைக்கவில்லை என்று மன்னிப்புக் கேட்டார்.

"தெரியாமக் கேட்டாலும் கேட்டது கேட்டதுதான். இந்தப் பையன் உனக்கு இன்னா ஆவணும்?" என்றார் கவுண்டர்.

யாரும் இல்லை, வழியில் பிடித்துவந்தவன் என்று சொல்லியிருந்தால் என்னை மலையிலிருந்து உருட்டிவிட்டிருப்பார்கள். அவர் கேட்டதற்கு ஊர் சம்மதித்தும் இருக்கலாம். மேடம் கொஞ்சம் யோசித்தார்.

"என் தம்பி" என்றார்.

அதுவரை என்னை ஊரில் எல்லோரும் தம்பி என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். அது வேறு.

"அப்ப சரி. காலையிலேர்ந்து நீ கேட்ட. இப்ப நாங்க கேக்குறோம்" என்று கவுண்டர் என் பக்கம் திரும்பினார். "நெலம் எவ்ளோ?"

"இல்லீங்க."

"மாடு?"

"இல்லீங்க."

"ஆடு?"

"இல்லீங்க."

"கோழியாவது கீதா?"

"ஒண்ணு இருந்துச்சுங்க. அறுத்துத் துன்னுட்டேன்."

பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"வூடு?"

"பஸ் ஸ்டாண்டுல படுத்துக்குவேங்க. மழை வந்தா சத்திரம்."

"இன்னா வேல தெரியும்?"

தட்டு கழுவியது, லாரி கிளீனர், செங்கல் சூளை, தோல் வேலை என்று வரிசையாகச் சொன்னேன். நிறையச் சொன்னால் மதிப்பு கூடும் என்று எண்ணம்.

"இத்தினி வேலையா! எதுலனா ஒரு வருசம் இருந்தியா?"

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் தரையைப் பார்த்தார்.

முதல் வீட்டுக்காரர் மெல்ல எழுந்து வீட்டுக்குப் போய், தட்டைக் கொண்டுவந்து மேடத்தின் காலடியில் வைத்தார். "யக்கா, இத்த நீயே வெச்சுக்க." அவர் பின்னாலேயே மற்ற மூன்று பேரும் ஓடினார்கள். கோபமாக வந்த தாய்தான் எல்லோருக்கும் முந்தித் தட்டோடு திரும்பி வந்தாள். ஆண் பிள்ளைகள் மட்டும் உள்ளவர், "பசங்களாப் பொறந்ததுக்கு இன்னிக்குத்தான் சந்தோசப்பட்டேன்" என்று சொல்லவும் கூட்டம் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. மேடமும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

ஒரே நாளில் நாலு வீடுகளில் பெண் கேட்டு, நாலு வீடுகளிலும் ஒரே மூச்சில் வேண்டாம் என்று சொல்லப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும். இத்தனைக்கும் நான் ஒரு பெண்ணின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. சோற்றைத்தான் பார்த்தேன்.

சிரிப்பு அடங்கியதும் கவுண்டர் தீர்ப்புச் சொன்னார். "உம்புள்ளைங்கள இட்டுக்கினு வா தாயி. ஆனா அதுவரைக்கும் உந்தம்பி இங்கியே இருக்கணும். நாலு வூட்டுச் சோறு துன்னவன் நாலு வூட்டுக் கொல்லையிலயும் வேல செய்யட்டும். நடுவுல ஓடிட்டான்னா நீயும் வராத."

மேடத்தின் பாடம், மாணவர்கள், துறைத் தலைவரின் வாய், எல்லாம் சேர்ந்து என் இரண்டு கால்களின் மேல் வந்து உட்கார்ந்தன. இந்தக் கால்கள் எதிலும் நின்றதில்லை என்பதை அவர் சற்று முன்தான் ஊரோடு சேர்ந்து கேட்டிருந்தார்.

"இருப்பான்" என்றார். என்னைக் கேட்கவே இல்லை.

மாணவர்கள் அரையாண்டு லீவில் வந்தார்கள். ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் அக்கா இந்தக் கதையைத்தான் சொல்வாராம். ஊரைக் கேள்வி கேட்கப் போகிறவர்கள் தாங்களும் பதில் வைத்திருக்க வேண்டும் என்று முடிப்பாராம். பின்னால் கலசப்பாக்கத்தில் எனக்கு நிஜமாகவே பெண் கேட்கப் போனபோது, தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவரும் அவர்தான். வாசலில் நின்று, "இன்னைக்கு இந்த ஒரு வீடுதானே?" என்று பெண்ணின் அப்பா காதில் விழும்படி கேட்டார். அன்றிலிருந்து இன்றுவரை நான் சாப்பிட்டுக் கை கழுவ எழுந்தால் போதும், "பக்கத்து வூட்டுக்குக் கெளம்பிட்டீங்களா?" என்கிறாள் என் மனைவி. பிள்ளைகளும் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. மறுநாள் காலை எனக்கு என்ன வேலை கொடுப்பது என்று நாலு வீட்டுக்காரர்களும் கூடிப் பேசினார்கள். ஏர் பிடிக்கத் தெரியாது. தேன் எடுக்கப் போனால் பிணமாகத்தான் இறங்குவேன். கடைசியில், சாமை முற்றியிருந்ததால், குருவி விரட்டுவதற்காக நாலு கொல்லை நிலங்களுக்கும் நடுவில் கட்டியிருந்த பரண் மேல் ஏற்றி, ஒரு தகரத்தையும் குச்சியையும் கையில் கொடுத்தார்கள். சின்னப் பிள்ளைகள் செய்கிற வேலை. இறங்கக் கூடாது; அது ஒன்றுதான் நிபந்தனை.

பரண் மேலிருந்து பாதை முழுக்கத் தெரிந்தது. பஸ்ஸுக்காக நடந்துபோன குடை, வளைவில் ஒரு தடவை நின்று, நான் இருக்கிறேனா என்று திரும்பிப் பார்த்தது. தகரத்தைத் தட்டிக் காட்டினேன். முதல் கொல்லையிலிருந்து குருவிகள் கிளம்பி இரண்டாவது கொல்லையில் இறங்கின. அங்கே விரட்டினால் மூன்றாவது. அங்கிருந்து நான்காவது. கீழே அந்தத் தாய் இடுப்பில் கை வைத்து நின்று என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் தட்டிக்கொண்டே இருந்தேன்.