மரகதம் இயக்குநரான கதை

ஒரு காட்டில் தண்ணீர் குடிக்கிற குளத்தைக்கூட ஒரு கம்பெனிதான் நடத்திவந்தது. அதில் நூற்றுக்கு நாற்பது பங்கு மரகதம் என்கிற எருமைக்குச் சொந்தம். அவளைவிடப் பெரிய பங்குதாரர் யாருமில்லை. ஆனால் இயக்குநர் குழுவில் அவளுக்கு இடமில்லை. அங்கே இருந்தவை மூன்று நரிகள். சேர்மன் பரந்தாமன், அவருடைய மச்சான், அப்புறம் யாரையும் சாராத சுயேச்சை இயக்குநர் ஒருவர். அது பரந்தாமனின் மாமியார்.

குளத்தை முதலையாருக்கு விற்கப்போகிறார்கள் என்று ஒருநாள் மரகதத்தின் காதில் விழுந்தது. அவளுடைய கன்றுகள் அங்கேதான் தண்ணீர் குடித்தன. ஆண்டுக் கூட்டத்துக்கு ஓடினாள்.

"ஐயா, இவ்வளவு பங்கு வச்சிருக்கேன். போர்டுல எனக்கு ஒரு சீட்டு வேணும்."

பரந்தாமன் எழுந்து கும்பிட்டார். "அம்மா, நீங்க எங்களுக்குத் தெய்வம். தெய்வத்தை யாராவது மீட்டிங்குக்குக் கூப்பிடுவாங்களா?"

"அப்ப கேஸ் போடறேன்."

மாமியார் சேர்மனின் காதில் ஏதோ கிசுகிசுத்தாள். உடனே மரகதத்துக்கு மாலை விழுந்தது, நாற்காலி வந்தது, சமோசாவும் வந்தது. மரகதத்துக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

முதல் கூட்டத்திலேயே குளம் விற்பனை ஓட்டுக்கு வந்தது. ஆதரவு மூன்று, எதிர்ப்பு ஒன்று.

"என் நாற்பது பங்கு என்னாச்சு?"

"அது பொதுக்கூட்டத்துலதான் செல்லும்மா," என்றார் பரந்தாமன். "போர்டுல ஆளுக்கு ஒரு ஓட்டுதான். இன்னொண்ணு, இனிமே நீங்க டைரக்டர். இங்க நடக்கறதை வெளியில மூச்சு விடக்கூடாது."

வெளியே இருந்தவரை கத்தவாவது முடிந்தது. இப்போது அதுவும் போயிற்று. மரகதம் நேரே போய்க் குளத்தில் இறங்கி, சேற்றில் காலை மடக்கிப் படுத்துவிட்டாள்.

மறுநாள் முதலையார் குளத்தைப் பார்க்க வந்தார். தண்ணீரைவிட எருமைதான் அதிகமாகத் தெரிந்தது. கொம்புகளையும் கவனித்துக்கொண்டார்.

"இது யாரு?"

"எங்க டைரக்டர்," என்றார் பரந்தாமன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"எப்ப எழுந்திருப்பாங்க?"

நரிகள் கெஞ்சின, திட்டின, வாலைப் பிடித்து இழுத்தன. மச்சான் வழுக்கிச் சேற்றில் விழுந்ததுதான் மிச்சம். மரகதம் காதை மட்டும் ஒருதரம் ஆட்டினாள். முதலையார் வேறு குளம் பார்க்கக் கிளம்பிவிட்டார். கன்றுகள் அம்மாவின் முதுகில் ஏறி நின்று தண்ணீர் குடித்தன.

நீதி: நிர்வாகத்தில் இடம் கேட்பவர்கள் கம்பெனிச் சட்டம் படிக்க வேண்டியதில்லை, யார் திட்டினாலும் உறைக்காத தோலும், யார் இழுத்தாலும் நகராத உடம்பும் இருந்தால் போதும்.