வேப்பமரமும் நாங்களும் நலம்

திருப்பூர்,
நவம்பர் 4

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை நிதிஷ் அவர்களுக்கு,

மாமன் மருதாசலம் எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் இங்கே நானும் உங்கள் அத்தை அமராவதியும் வாசல் வேப்பமரமும் நலம். உடுமலையில் நீங்களும், ஏழு மாதக் கர்ப்பிணியான என் மகள் வினிதாவும், சம்பந்தியம்மாவும், தோப்பில் தென்னைகளும் நலமாக இருக்க வேண்டும். தென்னைகளை விசாரிப்பதற்குக் காரணம் உண்டு, பின்னால் வரும்.

போனிலேயே பேசலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போன் போட்டால் எடுத்ததுமே "மரம் போச்சுங்களா மாமா?" என்கிறீர்கள். "இல்லீங்க மாப்ளே, அது வந்துங்க..." என்பதற்குள் தோப்பில் டவர் போய்விடுகிறது. உங்கள் கேள்விக்குக் கிடைக்கிற டவர் என் பதிலுக்கு மட்டும் கிடைப்பதில்லை. கடிதத்துக்கு டவர் வேண்டியதில்லை, முழுசாகப் படித்துத்தான் ஆகவேண்டும்.

போன மாதம் நீங்கள் வந்திருந்தபோது காய்ந்த கிளை ஒன்று ஒடிந்து உங்கள் புதுக் காரின் முன்பக்கம் விழுந்தது உண்மை. தகடு குழி விழுந்ததும் உண்மை. "அந்த மரம் அங்க நிக்கிற வரைக்கும் வினிதாவப் பிரசவத்துக்கு அனுப்ப மாட்டனுங்க மாமா" என்று சொல்லிவிட்டு, போட்ட காபியைக்கூடக் குடிக்காமல் போனீர்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை, காபியை நானே குடித்துவிட்டேன். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மரத்தையும் வெட்ட மாட்டேன், என் பெண்ணையும் இந்த ஊட்டுக்குத்தான் கூட்டிவருவேன். முதல் பிரசவத்துக்கு மகள் பிறந்த ஊட்டுக்கு வராமல் போனால் உங்கள் அத்தை என்னோடு பேச மாட்டாள், எனக்கும் சோறு இறங்காது. பதினாறாம் தேதி கட்டுச்சோறு ஆக்கி எடுத்துக்கொண்டு வருகிறோம். சோற்றைக் கொடுத்துவிட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு திரும்புவோம். இது உறுதி.

நீங்கள் போன மறுநாளே வேலையை ஆரம்பித்துவிட்டேன். முப்பத்தெட்டு வருடம் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவனுக்கு ஒரு மரத்தைக் கவனிக்கத் தெரியாதா என்ற நினைப்பு. நுனியெல்லாம் தீய்ந்த மாதிரி பழுப்பாக இருக்கிறதே, வேருக்கு ஈரம் போதவில்லை என்று நானாகவே முடிவு செய்து, கம்பெனியில் சொல்லி மூன்று மூட்டை பனியன் வேஸ்ட், அதாவது துணி வெட்டியதுபோக மிஞ்சுகிற துண்டுகளை வாங்கிவந்து, அடிமரத்தைச் சுற்றி இடுப்பு உயரத்துக்குக் குவித்து, கலையாமல் இருக்க மேலே ஒரு எலாஸ்டிக்கும் போட்டு இறுக்கி, காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். உங்கள் அத்தை, "ஏனுங்க, மழைதான் கொட்டிட்டுக் கெடக்குதே, நீங்க வேற எதுக்குங்க தண்ணி உடறீங்க?" என்றாள். துணி விஷயத்தில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, இது சுத்தமான காட்டன், ஈரத்தை விடாமல் பிடித்து வைக்கும் என்று சொன்னேன். பிடித்துத்தான் வைத்தது. பத்தாம் நாள் காளான் முளைத்தது. பன்னிரண்டாம் நாள் தெருவில் போகிறவர்கள் மூக்கைப் பொத்த ஆரம்பித்தார்கள். துணியை விலக்கிப் பார்த்தால் பட்டை கொழகொழவென்று கையோடு வருகிறது.

உடனே அவிநாசிபாளையத்துக்கு ஓடினேன். அங்கே மதுமதி என்று ஒரு பெண், மரங்களைப் பற்றிப் படித்தவர், நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறார். கையோடு கூட்டிவந்தேன். வந்தவர் எலாஸ்டிக்கை ஒரு தடவை இழுத்து விட்டுப் பார்த்தார். "ஏனுங்கய்யா, மரத்துக்கு ஜட்டி போட்டு உட்டிருக்கீங்க?" என்றார். தெருவே சிரித்தது. உங்கள் அத்தை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சிரித்தாள். அப்புறம் மதுமதி பொறுமையாகச் சொன்னார். "வேர் கெளம்பற எடத்துல காத்துப் படோணுமுங்க. இந்த ஈரக் காத்துல துணியச் சுத்தி வெச்சா பட்டை அழுகாம என்னங்க பண்ணும்? நல்லவேளை, மேலாப்புலதான் போயிருக்குது, காய உட்டா ஆறிக்கும். நுனி காயறது மழைக்காலத்துல வேம்புக்கு வர்ற நோவுங்க. மாசி பங்குனில துளுத்துரும். செத்த கெளைய மட்டும் எடுத்து உட்டாப் போதும்." மரம் சாகவில்லை என்று கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல வெட்கம் இல்லை.

காய்ந்த கிளைகளுக்கு அடையாளம் போட்டு வையுங்கள், ஆளை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மார்க் போடுவது என் தொழில். ஏணி வைத்து ஏறி, சாக்பீஸால் பதினோரு கிளைகளுக்கு மார்க் போட்டேன். இறங்கி எட்ட நின்று பார்த்தால், கிழக்குப் பக்கம் மேற்குப் பக்கத்தைவிட நாலடி நீளம். கண் உறுத்தியது. மறுபடி ஏறி, கிழக்கே நாலு பச்சைக் கிளைகளுக்கும் மார்க் போட்டுவிட்டேன். மறுநாள் மதுமதி அனுப்பிய திருநெல்வேலிக்காரர் முனீஸ் கயிற்றோடு மேலே ஏறினவர், அங்கிருந்தே கத்தினார். "அண்ணாச்சி, இது பச்சைக் கொப்புல்லா! இதை எதுக்கு வெட்டச் சொல்லுதீய?" "ரெண்டு பக்கமும் அளவு ஒண்ணா வரோணுமுங்களே" என்றேன். "மரம் என்ன டீ-சர்ட்டா அண்ணாச்சி? ஒரு பக்கத்தைக் கழிச்சா மறுபக்கம் பாரம் இழுத்துச் சாஞ்சுரும்லா!" என்று சொல்லி, நான் ஏறி அந்த நாலு மார்க்கையும் அழிக்கும்வரை ரம்பத்தைத் தொடவே இல்லை. பிறகு காய்ந்தது பதினொன்றையும் கயிறு கட்டி ஒவ்வொன்றாக இறக்கினார். அளவு சரியில்லாத ஒரு உருப்படியை நான் பாஸ் பண்ணியது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

கடைசி வைத்தியம் உங்களைச் சேர்ந்தது. கல்யாணத்தின்போது உங்கள் கார் நிற்கட்டும் என்று அடிமரம்வரைக்கும் சிமெண்ட் போட்டேன் அல்லவா, அது வேரை மூச்சுவிட விடாமல் அடைக்கிறதாம், மதுமதி சொன்னார். கடப்பாரையை எடுத்து நானே உடைத்தேன். நாலாவது குத்தில் குடிதண்ணீர்ப் பைப் உடைந்து, இரண்டு நாள் தெருவுக்கே என் வாசலில்தான் தண்ணீர் ஓடியது. பைப் சரியாகிவிட்டது. கார் நின்ற இடம் இப்போது மண்ணும் சருகும்தான். ஆகவே நீங்கள் வரும்போது காரைத் தெருமுக்கிலேயே நிறுத்திவிட வேண்டும். அங்கே எந்தக் கிளையும் எட்டாது.

இப்போது தென்னைக்கு வருகிறேன். உங்கள் ஊட்டைச் சுற்றி எழுபது தென்னை. என் மகள் வயிற்றுப் பிள்ளையோடு தினமும் அதற்குக் கீழேதான் நடக்கிறாள். வேப்பங்கிளை எப்போதோ ஒரு தடவை விழுந்தது. தேங்காய் விழுவதற்கென்றே காய்க்கிறது. நான் ஒரு நாளாவது "தென்னைகளை வெட்டினால்தான் ஆச்சு" என்று சொன்னேனா? தை மாதம் பிறக்கிற பிள்ளை சித்திரைவரைக்கும் இங்கேதான் இருக்கும். மரம் இல்லாவிட்டால் இந்த ஊடு அயர்னிங் செக்‌ஷன் மாதிரி கொதிக்கும். உங்கள் பிள்ளைக்காகத்தான் இவ்வளவும் செய்தேன். மரத்தடியில் இனிப் பச்சைப் பிள்ளையைக்கூடப் படுக்கவைக்கலாம். அதற்கு நான் பொறுப்பு.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். வினிதாவுக்கு என் ஆசி. நீங்கள் நோய் நொடி இல்லாமல், கார் கீறல் இல்லாமல், நூறாண்டு வாழ வேண்டும்.

முடிவில் மாற்றமில்லாத உங்கள் மாமன்,
மருதாசலம்

பின்குறிப்பு: கவரை ஒட்டிக்கொண்டிருந்தபோதே வாசலில் டாக்ஸி வந்து நின்றது. இறங்கியது வினிதா! நீங்கள் தோப்புக்குப் போன நேரம் பார்த்து சம்பந்தியம்மாவே வண்டி வைத்து அனுப்பிவிட்டார்களாம். கட்டுச்சோற்றுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. வந்தவள் உள்ளே வரவில்லை. சேரை இழுத்து மரத்தடியில் போட்டு, வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். நான் மேலே பார்த்தேன். ஒரு கிளை ஆடியது. காற்றுக்குத்தான் ஆடியது, பச்சைக் கிளைதான், எல்லாம் தெரியும். ஆனாலும் மனசு கேட்கவில்லை மாப்பிள்ளை. ஓடிப்போய் என் ஹெல்மெட்டை எடுத்துவந்து அவள் தலையில் மாட்டினேன். கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். ரம்பத்தோடு உடனே வரச்சொல்லி முனீஸுக்குப் போன் போட்டேன், அது அவள் காதில் விழுந்துவிட்டது. "மரத்துல கைய வெச்சீங்கன்னா இந்த டாக்ஸிலயே உடுமலைக்குத் திரும்பிப் போயிருவனுங்கப்பா" என்கிறாள். போன் பேசினால் கேட்டுவிடுகிறது என்பதால் டாக்ஸிக்காரரிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன். தயவுசெய்து உடனே புறப்பட்டு வந்து, மரத்தைப் பற்றி அன்றைக்கு என்னிடம் சொன்னதை அப்படியே அவளிடமும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நான் சொல்லச் சொன்னதாக மட்டும் சொல்லிவிடாதீர்கள். காரைத் தெருமுக்கிலேயே நிறுத்துங்கள்.