மாப்பிள்ளை ஓட்டும் வண்டியில் அம்மாவின் சுனை

பேரன்புள்ள நோரீன் அக்காவுக்கு,

ஆலிஸ் பட்டணத்தில் நீயும் அத்தானும் உன் முழங்காலும் சுகம்தானே? இங்கே நான், புழுதி, நாய் சார்ஜென்ட் எல்லோரும் நலம்.

குழந்தைகள் காது ஆராய்ச்சிக் கமிட்டியில் நீ பெரிய மனுஷியாக உட்கார்ந்திருக்கிறாய். பிள்ளைகள் காதைச் சோதிக்க எங்கள் ஊருக்கு வரும் உங்கள் வண்டியின் டிரைவரைத் தயவுசெய்து மாற்று. டிரைவர் தங்கமானவர், பிள்ளைகளை அதட்டமாட்டார். ஆனால் அவர் என் மகள் ரோஷெலின் புருஷன். நம் சனத்து வழக்கப்படி மாமியார்க்காரி மாப்பிள்ளை பெயரைச் சொல்லக் கூடாது, முகம் பார்க்கக் கூடாது, அவர் இருக்கும் பக்கம் தலைவைக்கக் கூடாது என்பது நான் சொல்லித்தானா உனக்குத் தெரிய வேண்டும்? இது தெரியாத உங்கள் கமிட்டியின் பட்டணத்து பிலிப்பா, வண்டிக்கு ஓவியம் வரைய என்னையும், நடுவில் தகவல் சொல்ல அவரையும் வேலைக்கு வைத்துவிட்டாள்.

நம் இருவருக்கும் உரிமையான கதை என்பதால், நீ சம்மதம் சொன்ன பிறகுதான் நம் அம்மாவின் சுனையை வரைந்தேன். சுற்றிலும் தாய்மார், நடுவே ஓடிவரும் பிள்ளைகள். பிலிப்பாவோ நடுவில் ஒரு காது வேண்டும் என்றாளாம். வழக்கமாக மாப்பிள்ளை ரோஷெலிடம் சொல்வார், அவள் என்னிடம் சொல்வாள். அன்றைக்குப் பார்த்து அவள் சாஃப்ட்பால் ஆடப் போய்விட்டாள். பாவம் மனுஷன், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் முதுகைக் காட்டி நின்றுகொண்டு நாயிடம் முறையிட்டார்.

"ஏ சார்ஜென்ட், நடுவுல பெரிசா ஒரு காது போட முடியுமான்னு கேக்கறாங்கடா!"

நான் வீட்டுக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு கத்தினேன்.

"தண்ணி குடிக்கிற எடத்துல காதை அறுத்துப் போட்டா எந்தப் பிள்ளைடா கிட்ட வரும், சார்ஜென்ட்? முடியாதுன்னு சொல்லிடு!"

நாய் இரண்டு பக்கமும் பார்த்து வாலாட்டியது. அதற்குப் பிறகு பேச்சு எங்கே போனது என்று எனக்குத் தெரியாது.

இப்போது என் ஓவியத்தை வண்டி முழுக்கப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஊரே பார்த்தாயிற்று, நான்தான் பாக்கி. அக்கா, என் படம் தெருவில் வந்தால் நானே ஓடி ஒளிகிறேன்! நேற்று கடையில் கங்காரு வாலையும் மாவையும் அப்படியே போட்டுவிட்டு ஐஸ்பெட்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டேன்; வண்டி போன பிறகுதான் அவற்றை எடுத்து வந்தேன். வண்டி நின்றாலாவது பார்க்கலாம் என்றால், அதன் நிழலைவிட்டு அவர் நகருவதே இல்லை. இந்த லட்சணத்தில் பக்கத்து வீட்டு லோர்னா வேறு வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறாள்.

"காது இருக்குடி டல்சி! கழுதைக் காதாட்டம், டயர்லேருந்து கூரை வரைக்கும்!"

சீட்டாட்டத்தில் அவள் விடுகிற புளுகு ஊரறிந்தது. இருந்தாலும் எனக்குத் தூக்கமில்லை. அம்மாவின் சுனைக்குள்ளே காதா? நினைக்கவே வெட்கமாக இருக்கிறது, அழுகையாகவும் வருகிறது. நான் சொன்னதை மாப்பிள்ளை போய்ச் சொன்னாரா, முழுங்கிவிட்டாரா? இந்த வாரம் ரோஷெலும் ஊரில் இல்லை, நேரே கேட்கவும் எனக்கு வாயில்லை. ஆகவே டிரைவரை மாற்று, காதைச் சுரண்டு, இல்லாவிட்டால் படத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல். உன் கமிட்டி மூஞ்சியிலேயே இனி விழிக்கமாட்டேன், உன்னைத் தவிர.

அத்தானுக்கு என் அன்பு. முழங்காலுக்குத் தைலம் தடவு. நம் முன்னோர் உன்னைக் காக்கட்டும்.

மனம் வெந்துபோன தங்கை,
டல்சி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது சார்ஜென்ட் குரைத்தது. கதவிடுக்கில் பார்த்தால், வண்டி என் வாசலிலேயே நிற்கிறது, படம் இருக்கும் பக்கம் என் வீட்டைப் பார்த்தபடி. உள்ளே ஆளில்லை. கால்பந்துத் திடல் பக்கம் ஒரு தொப்பி, முதுகைக் காட்டியபடியே போய்க்கொண்டிருந்தது. சட்டென்று கண்ணைத் திருப்பிக்கொண்டு வெளியே வந்தேன். அக்கா, நம் அம்மாவின் சுனை என்னைவிட உயரமாக நின்றது! தாய்மார் நான் உட்கார்த்திவைத்தபடியே இருக்கிறார்கள், ஒரு பிள்ளைகூடக் குறையவில்லை. காதும் இல்லை, கழுதையும் இல்லை. நின்று நன்றாக அழுதேன். டிரைவரை மாற்றினால் எனக்குக் கெட்ட கோபம் வரும், சொல்லிவிட்டேன். கங்காரு வாலில் பெரிய துண்டாகப் பார்த்து டிரைவர் சீட்டில் வைத்துவிட்டு, சார்ஜென்ட்டுக்கு உரக்க நன்றி சொன்னேன். தூரத்தில் தொப்பி ஒருதரம் மேலே எழும்பி இறங்கியதாக லோர்னா சொல்கிறாள். இந்த ஒரு விஷயத்தில் அவளை நம்புகிறேன்.